நடுக்களத்துக்காரியும் மூன்றாவது முடிச்சும்

ஏலே தம்பி,

போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை வேகமாக ஓடவைக்கிற பொத்தானை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்குத் தகப்பன் எழுதுகிற கடிதம் என்றால் பொறுமை, விட்டுக்கொடுப்பு, மாமனார் வீட்டில் அளவாகச் சாப்பிடுவது என்று புத்திமதி இருக்க வேண்டும். உன்னைப்போல் எல்லாம் தெரிந்தவனுக்கு அது எதற்கு? நான் எழுதப்போவது உன் அக்காவைப் பற்றி. ஒரே வீட்டில் அவளோடு இத்தனை வருஷம் வளர்ந்தும் அவளைப் பற்றி உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை நீ சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். “அப்பா, மூணாவது முடிச்சைப் பெரியப்பா மக போடட்டும். அக்கா கீழ சேர்ல உக்காந்துக்கிடட்டும். பொண்ணு வீட்ல ஒரு மாதிரி நெனைக்காவ.” ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டேன். நீ அடுக்கினாய். முடியை ஆம்பிளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாள். மூத்தவள் இருக்க இளையவனுக்குக் கல்யாணமா என்று மேடையைப் பார்த்து நாலு பேர் பேசுவார்கள். போட்டோவில் நன்றாக இருக்காது. போதாக்குறைக்கு, கல்யாணம் ஆனவர்கள்தான் முடிச்சுப் போட வேண்டும் என்று சாஸ்திரம் வேறு சொன்னாய். வருஷத்துக்கு ஒருதரம் குலதெய்வக் கோயிலுக்கு வரச் சொன்னால் லீவு இல்லை என்கிற உனக்கு எப்போதடா சாஸ்திரம் வந்தது? மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவதை அவன் உடன்பிறந்தவள் போட்டு முடிப்பது நம் வீட்டு வழக்கம். என் கல்யாணத்தில் அதைப் போட்ட உன் அத்தை அப்போது எட்டாம் வகுப்பு. சிவப்புத் தாவணி கட்டிக்கொண்டு, முடிச்சு விழாமல் திணறி, உன் அம்மாவின் பின்கழுத்தில் நகத்தால் கீறிவிட்டாள். அந்தத் தாலி இன்றுவரை அவிழவில்லை. உன் சாஸ்திரத்தை உன் கம்பெனியிலேயே வைத்துக்கொள்.

உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு. அக்கா கால்பந்து கேம்ப்பிலிருந்து நேராக வந்தாள். மணியாச்சியில் ரயில் மாறி, குளித்து, சேலையைச் சுற்றிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்றாள். பெண்ணின் சித்தப்பா, அந்த வேட்டி விளம்பரத்து மூஞ்சிக்காரர், “இதுவரை எத்தனை கோல் போட்டிருக்கம்மா?” என்று கேட்டார். “இந்த சீசன்ல ஒண்ணும் போடல” என்றாள் அவள். “பெறகு என்னத்துக்கு ஓடுத?” என்று அவர் சிரித்தார். அவருக்குத் தெரியாது, சிரித்தார். அவரை நான் மன்னித்துவிட்டேன். அவரைவிடச் சத்தமாக நீ சிரித்தாய். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளைக் களை போய்விடக்கூடாதே என்று நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மூடுவதாக இல்லை.

எத்தனை கோல் என்று கேட்கிறவனைப்போல் ஒரு மூடன் ஆட்டம் பார்க்கிற கூட்டத்தில் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போய் அப்பளம் எத்தனை என்று எண்ணிவிட்டு வருகிறவன் அவன். நான் பந்தாட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நம் கோவில்பட்டி ஹாக்கி ஊர். மில் டீமில் நடுக்களத்தில் நின்று சென்டர் ஹாஃப் ஆடியதற்குத்தான் எனக்கு மில்லில் வேலையே கொடுத்தார்கள். கையில் மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் காலால் உதைத்துக்கொண்டு திரிவது என்பதுதான் பந்தாட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயமாக இருந்தது, பாதி அபிப்பிராயம் இன்னும் அப்படியே இருக்கிறது. அக்காவையும் மட்டையோடுதான் மைதானத்துக்கு அனுப்பினேன். அவள் பந்து வந்தால் மட்டையை விட்டுவிட்டுக் காலைக் கொடுப்பாள். ஹாக்கியில் காலில் பட்டால் தப்பு. விசில் ஊதி ஊதி வாய் வலித்துப்போன பயிற்சியாளர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக்குக் கையில ஒண்ணுமில்ல, எல்லாம் காலுல இருக்கு, வேற எங்கயாவது சேத்துவிடுங்க” என்றார். இந்த ஊரில் ஒரு சென்டர் ஹாஃபுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

அப்படித்தான் அவள் ஊருக்கு வெளியே பருத்திக்காட்டை ஒட்டிக் கிடந்த பொட்டலில், பையன்களோடு ஆட ஆரம்பித்தாள். அந்தத் தரையை நீ பார்த்திருக்கிறாய், பார்த்ததோடு சரி. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை போகும். பந்து உருண்டு வந்து ஒரு வெடிப்பில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தைக் காலோடு ஒட்டி ஓட்டிக்கொண்டு போகிற வித்தையெல்லாம் அங்கே செல்லாது. மழை பெய்தாலோ, மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, பந்து சாணி உருண்டைபோல் கிடக்கும். ஆடிக் காற்றில் தூக்கி அடித்தால் பந்து அடித்தவன் தலைக்கே திரும்பி வரும். அந்தப் பையன்கள் எல்லாரும் எகிறுகிற பந்துக்குப் பின்னால் நாய்போல் ஓடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் பின்னால் திரும்பிப் பார்த்துவிடுவாள். எவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொண்டு, வந்த பந்தை ஒரே தொடுதலில் நல்ல தரையில் நிற்கிறவன் காலுக்கு அனுப்பிவிடுவாள். அவளிடம் பந்து நிற்கவே நிற்காது. இன்றைக்கும் நடுக்களத்தில் அவள் ஆட்டம் அதுதான். புல் விரித்த ஸ்டேடியத்தில் ஆடினாலும் அவள் காலுக்கு அடியில் கரிசல் வெடிப்பு இருக்கிறது.

டிவியில் பேசுகிற பயல்களுக்கு இது கண்ணில் படாது. அவள் வேகமாக ஓட மாட்டாள், அது உண்மை. ஓட வேண்டிய தேவை அவளுக்கு வராது. எதிராளி எங்கே பந்தை அனுப்பப்போகிறாள் என்று பார்த்து அந்த வழியில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வாள். பந்து தானாக அவளிடம் வரும். பேசுகிறவன், அதிர்ஷ்டவசமாகப் பந்து கிடைத்தது என்பான். ஒவ்வொரு ஆட்டத்திலும் விடாமல் வருகிற அதிர்ஷ்டம் இவனுக்கு எங்கேயாவது வந்திருக்கிறதா? கூட ஆடுகிறவளுக்கு எந்தக் கால் பலம் என்று பார்த்து அந்தக் காலுக்குத்தான் கொடுப்பாள். டீம் பதறிப்போனால் மட்டும் பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள், எதிராளியைக் கிட்டே வரவிட்டு, எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்ட பிறகு அனுப்புவாள். இதற்கெல்லாம் கணக்கு எழுத எந்த நாட்டிலும் கட்டம் போட்டு வைக்கவில்லை. பெரிய கேம்ப் ஒன்றில் ஒரு தேர்வாளர், பேர் எழுத மாட்டேன், அவ்வளவு மரியாதை தேவையில்லை, “பெண்ணே, நீ கண்ணுக்கே தெரியவில்லையே” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவரும் அப்பளம் எண்ணுகிறவர்தான்.

நானும் உன் அம்மாவும் கோழிக்கோட்டுக்குப் போய் ஒரு ஆட்டம் பார்த்தோம். உன்னையும் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றாய். ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. வலது ஓரத்திலிருந்து ஒரு பிள்ளை பந்தைக் குறுக்காகத் தள்ளினாள். அக்கா அதை எடுக்கப் போகிறவள்போல் ஓடினாள். தடுக்கிற இரண்டு பேர் அவளை நோக்கிப் பாய்ந்தார்கள். அவள் காலைத் தூக்கி, பந்தைத் தொடாமல், அடியில் போகவிட்டாள். பின்னால் ஆளில்லாமல் நின்ற சின்னப் பிள்ளை ஒருத்தி அதைச் சும்மா உள்ளே தட்டிவிட்டாள். கூட்டம் அந்தப் பிள்ளை பேரைச் சொல்லிக் கத்தியது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, நம்ம பிள்ள தொடாமலே விட்டுட்டாளே, அவ பாக்கலியோ?” என்றாள். “பாத்துத்தான் விட்டா” என்றேன். நான் ஆடிய காலத்தில் அந்தப் பந்தை எடுத்திருப்பேன். எடுத்து, கோலும் போடாமல் கெடுத்திருப்பேன். பேப்பரில் கோல் போட்ட பிள்ளையின் படம் வந்தது. நீ எனக்கு அனுப்பிய செய்தி நினைவிருக்கிறதா? “அக்கா பேரே வரலையேப்பா, பெஞ்ச்ல உக்காந்திருந்தாளா?” அதற்கு நான் பதில் போடவில்லை. பெற்ற பிள்ளையை எழுத்தில் திட்டக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். இன்றைக்கு அதைக் கைவிட்டாயிற்று.

உன் பெரியப்பா இருக்கிறாரே, அவருடைய கதை உனக்கே தெரியும். “பொட்டப்பிள்ள தொடையைக் காட்டிட்டு ஓடுதா, நீயும் பாத்துக்கிட்டு இருக்கியே” என்று என் வாசலில் வந்து நின்று கேட்ட மனுஷன். பிறகு ஒரு மந்திரி அவளுக்குச் சால்வை போட்ட படம் பேப்பரில் வந்ததும், கத்தரித்துச் சட்டம் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்ததும், “நம்ம குடும்பத்து ரத்தம்” என்றார். அவர் ரத்தம் எது என்று, அவரைச் சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதிக்கச் சொன்னால் வாங்குகிற மூச்சிலேயே தெரிந்துவிடும். அந்த மனுஷனின் மகள்தான் உனக்கு மூன்றாவது முடிச்சுப் போடப் போகிறாளாக்கும். அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பிள்ளை, நல்ல சேலைகளும் வைத்திருக்கிறாள். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும்.

உன்னை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டது யார் என்று உன் போட்டோக்காரரிடம் கேட்டால் தெரியாது. நான் ஷிப்டுக்குப் போய்விடுவேன். அவள்தான் உன்னைக் கேரியரில் உட்காரவைத்து மிதிப்பாள். ஆடிக் காற்று முகத்தில் அறையும். அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பாள், நீ பின்னால் அவள் முதுகு மறைவில் புத்தகம் பிரித்துப் படித்துக்கொண்டு போவாய். உன்னை இறக்கிவிட்டுத்தான் பொட்டலுக்குப் போவாள். பாதி ஆட்டம் முடிந்திருக்கும், மிச்சப் பாதியை ஆடிவிட்டு மறுபடி உன்னைக் கூப்பிட வருவாள். நீ வாழ்க்கையில் ஓடிய ஒரே ஓட்டம் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடியது, அதிலும் பெட்டியை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது அவளைக் கீழே சேரில் உட்காரச் சொல்கிறாய்.

நீ சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு வாய் நிற்காது, சொல்லிவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவளோ, “சரிம்மா, விடுங்க. அவனுக்கு எது நல்லா இருக்குமோ அப்படியே செய்யட்டும். எனக்கும் அன்னைக்கு மேட்ச் இருந்தாலும் இருக்கும்” என்றாள். நான் ஆட்ட அட்டவணையைப் பார்த்தேன். அன்றைக்கு மேட்ச் இல்லை, அந்த வாரமே இல்லை. உனக்காக அவள் ஒரு மேட்சைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நீ கேட்காமலே உனக்கு வழி விட்டு ஒதுங்கிவிட்டாள். இதைப் படித்ததும் நிம்மதி அடைந்திருப்பாய். கொஞ்சம் பொறு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் நான் கழுகுமலை பஸ் ஏறினேன். சம்பந்தி வீட்டில் சண்டை போட வேண்டும் என்றுதான் கிளம்பினேன், வழியெல்லாம் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டு போனேன். உன் வருங்கால மாமனார் உளுந்து காயப்போட்டுக்கொண்டு இருந்தவர் எழுந்து ஓடிவந்து, “வாங்க சம்பந்தி, என்ன திடீர்னு, ஒரு போன் அடிச்சா ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டாந்திருப்பம்லா” என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, “எம் மக மேடையில நிக்கதுல ஒங்களுக்கு என்ன சங்கடம்னு கேட்டுட்டுப் போக வந்தேன்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளே இருந்து வந்த உன் மாமியாரைப் பார்த்தார். “சங்கடமா? யாரு சொன்னா? நாங்க அப்படி ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணாச்சி” என்றார். அந்தச் சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நான் அன்னைக்கு வெளாட்டுக்குல்லா கேட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய” என்றார். அந்த வீட்டில் யாரும் ஒரு மாதிரி நினைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நினைத்தவன் நீ ஒருத்தன். தீட்டிக்கொண்டு போன வார்த்தையெல்லாம் வாயில் கசந்தது. அவர்கள் கொடுத்த காபியை, என் பிள்ளையின் பொய்யையும் சேர்த்து, குடித்துத் தொலைத்தேன்.

கிளம்பும்போது உனக்கு நிச்சயமான கௌசல்யா வாசலுக்கு வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, சுற்றி வளைக்கவில்லை. “மாமா, மதினிக்கு லீவு கெடைக்காது, கல்யாணத்துக்கு வரமாட்டாகன்னு ஒங்க மகன் எங்கிட்ட சொல்லியிருக்காவ” என்றாள். எங்களிடம் ஒரு பொய், அந்தப் பிள்ளையிடம் ஒரு பொய். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது என்று நினைத்தாய். கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் பஸ் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டாய். “மதினி பந்தாடுதாகன்னே அவிய எங்கிட்ட சொல்லல மாமா. நான் போன்ல தேடிப் பாத்தேன். பழைய மேட்ச்செல்லாம் கெடக்கு. மத்தவளுவளுக்கு எடம் விட்டுட்டே இருக்காக. எனக்குப் பாக்கப் பாக்கக் கோவமா வந்துச்சு” என்றாள். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் ஒரு போன் திரையில் பார்த்ததை, கூடவே வளர்ந்த நீ பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைமேல் இன்றைக்கு எனக்கு வந்த மரியாதையில் கால்வாசி உன்மேல் இருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் ஆகியிருக்காது.

நான் உனக்காக ஏதோ உளறினேன். சின்னப் பையன், ஊர் வாய்க்குப் பயந்துவிட்டான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: “பொய் சொன்னாகூடச் சரி மாமா. கூடப் பெறந்தவள மறைக்கவிய நாளைக்கு என்னையும் எதுக்காவது மறைப்பாவ. வார ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கேன். அவியளாக் கூப்புட்டு உள்ளதைச் சொன்னாச் சரி. இல்லன்னா நான் மணவறையில வந்து உக்கார மாட்டேன். அப்பாட்ட இன்னும் சொல்லல.” பஸ் வருகிற சத்தம் கேட்டது. “நீங்க இதை அவியட்ட சொல்லிராதீங்க மாமா. சொல்லிட்டீகன்னா நான் பாக்கதுல அர்த்தமே இல்ல” என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சொன்னேன். அவள் தலையில், என் கையை வைத்து.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலை கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கௌசல்யாவைக் கூப்பிடு. உன் மனசாட்சியே உறுத்தியதுபோல் சொல்லு, நான் கழுகுமலைக்குப் போனது உனக்குத் தெரியவே தெரியாது. அடுத்து அக்காவைக் கூப்பிடு. அவள் உன்னை முழுசாகப் பேசவிட மாட்டாள், சரிடா வாரேன் என்று சொல்லிவிடுவாள். படித்து முடித்ததும் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. பக்கம் பக்கமாக உன்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டு, கடைசியில் உனக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பெற்றதற்கு வேறு என்ன செய்வேன்.

அப்பா